கூட்டில் கிடந்த முடி

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. மதியம் ஒன்றேகால் இருக்கும். எங்கள் கல்லூரியின் ஆண் ஆசிரியர்கள் சாப்பிடும் கூடத்தில் பதினாலு பேர் உட்கார்ந்திருந்தோம். சோறு, சாம்பார், பூசணிக்காய்க் கூட்டு, அப்பளம்.

என் பக்கத்து நாற்காலியில் இயற்பியல் ராமநாதன். கூட்டைப் பிசைந்துகொண்டிருந்தவர் சட்டென்று கையை நிறுத்தினார். இரண்டு விரலால் எதையோ பிடித்து மெல்ல இழுத்தார். வந்தது... வந்துகொண்டே இருந்தது. ஒரு முழத்துக்குக் குறையாத முடி.

தட்டைத் தள்ளிவைத்தார், அவ்வளவுதான். அதற்குள் மெஸ் மேனேஜர் சேகர் பார்த்துவிட்டார். இரண்டு வாரத்தில் இது மூன்றாவது முறை.

சேகர் அந்த முடியை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நுனிவரை மருதாணிச் சிவப்பு. வேர்ப்பக்கம் மட்டும் இரண்டு விரற்கடை அளவுக்கு வெள்ளை. சமையலறையில் இருப்பது இரண்டு பெண்கள். ரேவதிக்கு இருபத்தைந்து வயது. ஜாக்கெட் ஊக்கில் சிக்கும் கருகரு சுருட்டை முடி. சாந்தி அக்காவுக்கு ஐம்பதுக்கு மேல். சேகருக்கு அதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது?

இருவரையும் கூப்பிட்டார். தன்னைவிடப் பத்து வயது மூத்த சாந்தி அக்காவைப் பார்த்து ஒருமையில் பேசினார். தலையைக் கட்டிக்கொண்டு சமைக்கத் தெரியாதா என்றார். படித்தவர்கள் சாப்பிடுகிற இடம் என்றார்.

“நான் கட்டிக்கிட்டுதாங்க இருக்கேன். அது என்னோடது இல்லைங்க” என்றார் சாந்தி அக்கா. உண்மைதான். நெற்றியிலிருந்து பிடரிவரை ஒரு நீலத் துணியை இறுக்கிக் கட்டியிருந்தார். எப்போதும் அப்படித்தான் இருப்பார்.

“பின்ன யாரோடது? எங்களோடதா?” என்றார் சேகர்.

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். ரேவதி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சாந்தி அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்து அமுக்கினார். பயத்தில் தடுக்கிறார் என்று நினைத்தேன்.

நான் சிரிக்கவில்லை. அன்றைக்கு என் தரப்பில் சொல்லிக்கொள்ளும்படி இருப்பது அது ஒன்றுதான்.

ஏனென்றால் அந்த முடி என்னுடையது.

வாராவாரம் இந்தப் பத்திக்கு மேலே என் பெயரையும் படத்தையும் பார்த்துப் பழகிய வாசகர்களுக்கு இது புரியாது. அது பழைய படம். இப்போது என் முடி தோள்பட்டையைத் தாண்டி முதுகின் நடுவரை இருக்கிறது. ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருப்பேன். அந்தக் கூடத்திலிருந்த பதினாலு பேரில் அவ்வளவு நீள முடி இருந்தது எனக்கு மட்டும்தான். சோறும் சாம்பாரும் சமையலறைப் பெண்கள் பரிமாறுவார்கள். கூட்டுப் பாத்திரம் மேசையில் இருக்கும், நாமே எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். ராமநாதனுக்கு முன்னால் அந்தப் பாத்திரத்தின்மேல் குனிந்தவன் நான்.

இவ்வளவும் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. ஆனாலும் ஒருவர்கூட என் தலையைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஏன்? நீள முடி என்றால் பெண். சாப்பாட்டில் முடி என்றால் சமைத்தவள். அவ்வளவு பழகிப்போன கணக்கு அது. தாளில் எழுதிக்கூடப் பார்க்க வேண்டாம்.

முடி வளர்த்த கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான்கு வருடத்துக்கு முன்னால் அப்பா காலமானார். காவிரிக்கரையில் மொட்டை போட்டுக்கொண்டேன். மொட்டை வளர்ந்து காதை மூடியபோது சலூனுக்குப் போகவேண்டிய நேரம் வந்தது. மாதத்தின் முதல் ஞாயிறு அப்பாவும் நானும் சேர்ந்துதான் போவோம். பல வருடப் பழக்கம். பக்கத்து நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்திருப்பார்கள் என்று தோன்றியது. அடுத்த மாதம் போகலாம் என்று விட்டேன். அடுத்த மாதமும் அப்படியே. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால், நாற்பத்தேழு வயதில் எனக்குப் பின்னல் போடும் அளவுக்கு முடி.

அப்பா போன பிறகு என்னிடம் புதிதாக வந்து சேர்ந்தது அது ஒன்றுதான் என்று நினைத்துக்கொள்வேன். வெளியில் யாரிடமும் சொன்னதில்லை. ‘ஸ்டைலா சார்?’ என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவேன்.

போன வருடம் கல்லூரி முதல்வர் கூப்பிட்டார். மரியாதையாகத்தான் பேசினார். உங்கள் விருப்பத்தில் நான் தலையிட மாட்டேன், ஆனால் நிர்வாகத்தில் இரண்டு பேர் கேட்டார்கள், ஏதாவது புகார் என்று வந்தால் என்னால் தாங்கிப் பேச முடியாது என்றார். புகார் வராது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகுதான் ஐப்பசி மழையில் டெங்கு வந்தது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். தேறி வந்து வேலைக்குப் போக ஆரம்பித்து, எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தபோது, பொங்கல் முடிந்த வாரத்தில் முடி கொட்டத் தொடங்கியது.

கொட்டுவது என்றால் உங்களுக்குத் தெரிந்த கொட்டுவது இல்லை. தலையில் கை வைத்தால் கையோடு வரும். குளித்து முடித்தால் குளியலறைச் சல்லடையை முடி அடைத்துத் தண்ணீர் தேங்கி நிற்கும். தலையணை, ஹெல்மெட், சட்டைக் காலர், திருத்தி வைத்த விடைத்தாள்... எங்கே பார்த்தாலும் என் முடி. என் மனைவி கலைவாணி விளக்குமாற்றில் சுற்றிய முடியைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுக்கவேண்டி வந்தது.

எல்லா வைத்தியமும் செய்தேன். சின்ன வெங்காயச் சாறு, ஊறவைத்த வெந்தயம், கறிவேப்பிலை போட்டுக் காய்ச்சிய எண்ணெய். நரைக்காக மருதாணி போடுவதையும் காய்ச்சலோடு நிறுத்தியிருந்தேன். மூன்று ஷாம்பூ மாற்றினேன். காலையில் எழுந்ததும் தலையணையில் கிடப்பதை எண்ணுவேன். எண்ணி என்ன ஆகப்போகிறது? ஆனாலும் எண்ணினேன்.

கடைசியில் தஞ்சாவூரில் ஒரு தோல் மருத்துவரம்மாவைப் பார்த்தேன். அவர் முதலில் கேட்டது, மூன்று மாதத்துக்கு முன்னால் பெரிய காய்ச்சல் ஏதாவது வந்ததா என்றுதான். வந்தது என்றேன். அப்படியானால் இது அந்தக் காய்ச்சலின் பாக்கி என்றார். உடம்பு கடுமையாக அடிபட்டால் முடியின் வேர்கள் கொஞ்ச நாள் வேலையை நிறுத்திவிடுமாம். அந்த முடியெல்லாம் இரண்டு மூன்று மாதம் கழித்து மொத்தமாக உதிருமாம். வேர் சாகவில்லை, தானாகவே நிற்கும், எதற்கும் இரும்புச் சத்தும் தைராய்டும் பார்த்துவிடலாம் என்று ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார். “எல்லாருக்கும் கொட்டுறதுதான் சார். உங்களுக்கு நீளம், அதனால ஊருக்கே தெரியுது” என்றார்.

ஊருக்குத் தெரியவில்லை. அதுதான் பிரச்சினை.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்குத் திரும்புகிறேன். நான் ஏன் வாயைத் திறக்கவில்லை? மாலையில் சேகரைத் தனியாகப் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாலையில் சேகர் கிடைக்கவில்லை. தேடவில்லை என்பதே உண்மை. எழுந்து நின்று ‘அது என் முடி’ என்று சொன்னால் அடுத்த நாளே அது முதல்வர் மேசையில் புகாராகப் போய் நிற்கும். அதற்கடுத்த நாள் நான் சலூன் நாற்காலியில் இருப்பேன். இதெல்லாம் அந்த அரை நிமிடத்துக்குள் என் மனதில் ஓடியது. ஒரு பெண் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார்; நான் என் முடியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மதியம் ரேவதி மட்டும்தான் இருந்தாள். எல்லோருக்கும் ஒற்றை ஆளாகப் பரிமாறிக்கொண்டிருந்தாள். சாந்தி அக்கா எங்கே என்று கேட்டேன்.

“வர வேணாம்னுட்டாங்க சார்” என்றாள். என் முகத்தை ஒரு முறை பார்த்தாள். பிறகு அடுத்த தட்டுக்குப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் கலைவாணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது எங்கிருந்து தொடங்கினேன் தெரியுமா? டெங்குவிலிருந்து. பிறகு மருத்துவர் சொன்னது, புதிய ஷாம்பூ ஒத்துக்கொள்ளாமல் போனது... அவள் காய் நறுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அவங்களுக்கு வேலை போயிருக்கு. நீங்க இன்னும் ஷாம்பூலயே இருக்கீங்க” என்றாள்.

மறுபடி காயை நறுக்க ஆரம்பித்தாள். மூன்று நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

சனிக்கிழமை ரேவதியிடம் விலாசம் கேட்டுக்கொண்டு பைக்கில் கிளம்பினேன். பாபநாசத்திலிருந்து உள்ளே ஐந்து கிலோமீட்டர். சம்பா அறுவடை முடிகிற நேரம். மெஷின் அறுத்துப் போட்டுவிட்டுப் போன வயல்களில் வைக்கோல் உருளைகள் கிடந்தன. சாலையின் பாதி அகலத்துக்கு நெல்லைப் பரப்பிக் காயவைத்திருந்தார்கள். மற்ற பாதியில் வண்டியைப் பார்த்து ஓட்டிக்கொண்டு போனேன். இந்த ஊரிலிருந்துதான் அவர் விடிகாலையில் எழுந்து, இரண்டு பஸ் மாறி, எட்டு மணிக்கெல்லாம் எங்களுக்காக அடுப்பைப் பற்றவைக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பற்றவைத்துக்கொண்டிருந்தார்...

அவரைத் தேட வேண்டியிருக்கவில்லை. சாலையோரத்தில் தலையில் துண்டு போட்டுக்கொண்டு, காலால் நெல்லைக் கிளறியபடி நடந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார். வாங்க சார் என்றார். அவர் கணவர் முருகையன் கொஞ்சம் தள்ளிச் சாக்கு மடித்துக்கொண்டிருந்தார். பூவரச மரத்தடிக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். ஒரு ஏக்கர் குத்தகை நிலமாம். நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரம் அதிகம் என்று சொல்லிவிட்டதால் இன்னும் இரண்டு வெயில் காய வேண்டுமாம். இதையெல்லாம் அவர்தான் சொன்னார். நான் எதற்கு வந்தேன் என்று இரண்டு பேரும் கேட்கவில்லை.

சாந்தி அக்கா நிழலுக்கு வந்தார். தலையிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அப்போதுதான் பார்த்தேன். அவர் தலையில் முடி ஒரு விரற்கடைகூட இல்லை. அத்தனையும் வெள்ளை வெளேர் என்று, அப்போதுதான் முளைத்த மாதிரி நின்றது.

நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார். பெண்ணுக்குப் பிரசவம் சிக்கல் இல்லாமல் முடிய வேண்டும் என்று சமயபுரத்துக்கு வேண்டிக்கொண்டாராம். மார்கழியில் பேரன் பிறந்த கையோடு போய் முடியிறக்கிவிட்டு வந்தாராம். மெஸ்ஸில் எப்போதும் துணி கட்டியிருப்பதால் ரேவதியைத் தவிர யாருக்கும் தெரியாது.

வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்த வாக்கியங்கள் ஒன்றும் நினைவில் இல்லை.

“அக்கா, அது என் முடி” என்றேன்.

“தெரியும் சார்.”

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“சாயங்காலம் அந்த ஹாலைப் பெருக்குறது நான்தானே? ஒரு மாசமா உங்க நாற்காலிக்கடியில தினமும் அள்ளுறேன். பாவம், உடம்புக்கு என்னமோ போலன்னு நெனச்சுக்கிட்டேன்.”

அப்படியானால் அங்கேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். கேட்ட மறுநொடியே அந்தக் கேள்வி எவ்வளவு கேவலமானது என்று புரிந்தது.

“நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன்” என்றார்.

முருகையன் சாக்குகளை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார். எங்களைத் தனியாக விட வேண்டும் என்று நினைத்திருக்கலாம். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமலும் போயிருக்கலாம்.

நான் விடவில்லை. என் பெயரைச் சொல்ல வேண்டாம், அந்தத் துணியை மட்டும் அவிழ்த்துக் காட்டியிருந்தாலே போதுமே, சேகர் வாயடைத்துப் போயிருப்பாரே என்றேன். ரேவதி சொல்ல வந்தாளே, அவளையும் ஏன் தடுத்தீர்கள் என்றேன்.

சாந்தி அக்கா துண்டை உதறி மறுபடி தலையில் போட்டுக்கொண்டார்.

“அத்தனை ஆம்பளைங்க முன்னாடி தலைத்துணிய அவுத்துக் காட்டணுமா சார்? என்னோடது இல்லைன்னு சொன்னேன்ல. அது பத்தாதா?”

இருபத்திரண்டு வருடமாகப் பாடம் நடத்துகிறேன். வாராவாரம் உங்களோடு பேசுகிறேன். இந்தக் கேள்வியை நான் எனக்கே கேட்டுக்கொண்டதில்லை. பத்து வருடமாகத் தன் கையால் சமைத்துப் போட்ட ஒருவர், இது என்னுடையது இல்லை என்று சொல்கிறார். பதினாலு பேரில் ஒருவருக்கும் அது சாட்சியாகப் படவில்லை. அது உண்மை என்று தெரிந்த ஒருவன் பதினைந்தாவது ஆளாக வெளியிலிருந்து வர வேண்டியிருக்கவில்லை. அந்தப் பதினாலு பேருக்குள்ளேயே நான் இருந்தேன்.

திங்கட்கிழமையே போய் முடியை வெட்டிவிடுகிறேன் என்றேன். ஏதாவது ஒன்றை அவர்முன் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும் போலிருந்தது.

“முடிய வெட்டுனா எனக்கு என்ன சார் வரப்போவுது? வாயத் திறந்து சொல்லுங்க. அங்க வச்சுத்தானே என்னைச் சொன்னாங்க... அங்க வச்சே சொல்லுங்க.”

பிறகு வெயில் ஏறுகிறது, நெல்லைத் திருப்பிவிட வேண்டும் என்று எழுந்து போய்விட்டார். மோர் கொண்டுவந்து கொடுத்தது முருகையன்தான். குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

திங்கட்கிழமை மதியம் எல்லோரும் உட்கார்ந்த பிறகு, ரேவதி சோற்றை எடுத்து வருவதற்கு முன்னால் எழுந்து நின்றேன்.

போன செவ்வாய்க்கிழமை ராமநாதன் தட்டில் கிடந்தது என் முடி என்றேன். அதற்கு முன்னால் இரண்டு முறை கிடந்ததும் என் முடியாகத்தான் இருக்கும் என்றேன். அன்றைக்கே எனக்குத் தெரியும், தெரிந்தும் பேசாமல் இருந்தேன், அதனால் சாந்தி அக்காவுக்கு வேலை போனது என்றேன். அவர் மொட்டை போட்ட விஷயத்தைச் சொல்லவில்லை. அது சொல்லப்படாமலே அவர் வார்த்தை நிற்க வேண்டும் என்று நினைத்தேன்.

வணிகவியல் ஆசிரியர் ஒருவர், விடுங்க சார், சின்ன விஷயம் என்றார். என்மேல் இருந்த அன்பில்தான் சொன்னார். ராமநாதன் மட்டும், “அன்னிக்கு நானும் சிரிச்சேன்” என்று தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். சேகர் சமையலறை வாசலிலேயே நின்றார். முகம் கறுத்துவிட்டது.

அங்கிருந்து நேரே முதல்வர் அறைக்குப் போனேன். எழுதிக் கொடுங்கள் என்றார். மூன்று வரி. இந்தப் பத்தியை இரண்டு மணி நேரத்தில் எழுதிவிடுகிற எனக்கு அந்த மூன்று வரிக்கு ஒரு பீரியட் முழுக்கப் பிடித்தது. வாசித்துவிட்டு, முடியைப் பற்றி நிர்வாகத்தில் பேசுவார்கள் என்றார். பேசட்டும் என்றேன். அதுவரை சாப்பாட்டுக் கூடத்துக்கு வரும்போது தலையை மூடிக்கொண்டு வருகிறேன் என்றேன். அவர் யோசித்துவிட்டுத் தலையசைத்தார். இன்றுவரை நிர்வாகத்திலிருந்து யாரும் பேசவில்லை. நான் பயந்த அளவுக்கு என் முடி யாருக்கும் முக்கியமாக இல்லை போலிருக்கிறது.

சேகர் அன்றே போன் செய்தாராம். நெல்லைக் கொள்முதலுக்குப் போட்டு முடித்துவிட்டு வருகிறேன் என்று சாந்தி அக்கா சொன்னாராம். பத்து நாள் கழித்து வந்தார், அதே நீலத் துணியோடு. சேகர் மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்லவில்லை, “வாங்கக்கா” என்றார். எனக்குத் தெரிந்து அவர் அந்தச் சமையலறையில் யாரையும் அதற்கு முன்னால் அப்படிக் கூப்பிட்டதில்லை.

எல்லாம் பழையபடி ஆகிவிட்டதா? இல்லை. முன்பெல்லாம் என் தட்டருகே வந்தால், இன்னும் கொஞ்சம் ரசம் விடவா சார் என்று நின்று கேட்பார். இப்போது பரிமாறுகிறார், நகர்கிறார். எல்லோருக்கும் எப்படியோ எனக்கும் அப்படி. நான் எதையும் கேட்டு வாங்குகிற நிலையில் இல்லை.

முடி உதிர்வது இப்போது குறைந்திருக்கிறது. நெற்றியோரத்தில் குட்டி குட்டியாகப் புது முடி நிற்கிறது. மருத்துவரம்மா சொன்னபடியே நடக்கிறது. ரத்தப் பரிசோதனையிலும் பயப்பட ஒன்றும் இல்லை. தலையணையில் கிடக்கும் முடியை எண்ணுவதை விட்டுவிட்டேன்.

இதை இங்கே எழுதலாமா என்று போன வாரம் சாந்தி அக்காவிடம் போய்க் கேட்டேன். பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே, எதற்காக எழுத வேண்டும் என்று கேட்டார். அங்கே இருந்த மற்றப் பதிமூன்று பேருக்கும் சொல்லிவிட்டேன், ஆனால் என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் வெளியிலும் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள் என்றேன்.

கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

“எங்க எல்லாரோட பேரையும் மாத்திப் போட்டுடுங்க சார். உங்க பேரை மட்டும் மாத்திடாதீங்க” என்றார்.

மாற்றவில்லை.